சஹர் நேரத்து மாத்திரை

என் அக்கா புருஷன் லியாகத் அலிக்கு யாரையும் சும்மா விடத் தெரியாது. எங்கள் தெருப் பள்ளிவாசலில் முட்டி வலிக்காரர்களும் இடுப்பு வலிக்காரர்களும் உட்கார்ந்து தொழுவதற்கென்று கடைசி வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருப்பார்கள். அந்த வரிசைக்கு அவர் ‘பால்கனி’ என்று பெயர் வைத்திருந்தார். தொழுகை முடிந்து செருப்பைத் தேடும் பெரியவர்களிடம் போய், “இன்னா மாமு, இன்னிக்கும் பால்கனி டிக்கெட்டா?” என்பார். அவர்களும் சிரித்துக்கொண்டே திட்டிவிட்டுப் போவார்கள். வீட்டுக்கு வந்து அதை எங்களிடம் நடித்துக் காட்டுவார். நானும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன்.

அந்த நாற்காலியில் தான் உட்கார வேண்டி வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அவர் அவ்வளவும் செய்தார். வேறு காரணம் எதுவும் இல்லை. அக்கா ரஹீமுன்னிசா அதை ஈமான் என்பாள், இறைநம்பிக்கை என்பாள், வைராக்கியம் என்பாள். அவளுக்குப் புருஷன், சொல்லிக்கொள்ளட்டும். நான் உஸ்மா, கொழுந்தியாள். எனக்கு அது வறட்டு வீம்பாகத்தான் தெரிகிறது. இன்று நினைத்தாலும் ஆத்திரமாகத்தான் வருகிறது.

தண்டையார்பேட்டையில் அக்காவும் மச்சானும் கீழ் போர்ஷன், நான் மேல் போர்ஷன். என் வீட்டுக்காரர் குவைத்தில் இருக்கிறார். நான் எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறேன். சமையல், சாப்பாடு, சண்டை எல்லாம் கீழேதான். மச்சான் எர்ணாவூர் தாண்டி ஒரு கண்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். தூக்கிய சரக்கு முன்னால் கண்ணை மறைக்கும் என்பதால் பாதி நேரம் உடம்பை முறுக்கி, பின்பக்கம் பார்த்துக்கொண்டே அந்த வண்டியை ஓட்ட வேண்டும். யார்டுத் தரை முழுக்கப் பள்ளம். வண்டிக்கு ஸ்பிரிங்கும் கிடையாது. இத்தனை வருஷம் அவர் இடுப்பு தாங்கியதே பெரிய விஷயம்.

நோன்பு மாதம் வருவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் அந்த இடுப்பு பிடித்துக்கொண்டது. வேலை முடிந்து வண்டியிலிருந்து இறங்கியவர் நிமிர முடியாமல், கூட வேலை செய்யும் மனோகரன் தோளைப் பிடித்துக்கொண்டே ஷேர் ஆட்டோவில் வந்து சேர்ந்தார். அடுத்த நாள் நானும் அக்காவும் அவரை டாக்டர் வேதமாணிக்கத்திடம் கூட்டிப் போனோம். எங்கள் ஏரியாவில் பாதிப் பேருக்குக் காய்ச்சல் ஊசி போட்டு வளர்த்தவர் அவர். எங்கள் நோன்பு எப்போது தொடங்கும் என்பது எங்களுக்கு முன்னால் அவருக்குத் தெரியும்.

இடுப்பை அழுத்திப் பார்த்தார், காலைத் தூக்கச் சொல்லிப் பார்த்தார், பிரஷர் பார்த்தார். பிறகு சீட்டு எழுதிக்கொண்டே சொன்னார்.

“பாய், இந்த மாத்திரையில வலி மருந்தும் இருக்கு, இறுகிப்போன தசையைத் தளர்த்துற மருந்தும் இருக்கு. ரெண்டும் ஒண்ணா கலந்தது. காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, வயிறு நிறைய சாப்பிட்டப்புறம். அஞ்சு நாள் போதும், அதுக்கு மேல வேணாம். தூக்கம் தள்ளும், அதனால அந்த அஞ்சு நாளும் வண்டில ஏறாதீங்க. தண்ணி நல்லா குடிக்கணும். நோன்புக்கு முன்னாடியே இது முடிஞ்சிடும். நோன்புல இதைத் தொடவே கூடாது, புரியுதா?”

“புரியுது சார்.”

“வேற ஏதாச்சும் மாத்திரை சாப்பிடுறீங்களா?”

“ஒண்ணுமில்ல சார்.”

அக்கா வாயைத் திறந்தாள். மச்சான் அவளை ஒரு பார்வை பார்த்தார், அவள் மூடிக்கொண்டாள். வெளியே வந்ததும் நான் விடவில்லை.

“பிரஷர் மாத்திர போட்டுகினு கீறீங்களே மச்சான், அத்த ஏன் சொல்லல?”

“அதெல்லாம் ஒரு மாத்திரயா? அது தினோம் போடறது. தெனம் டீ குடிக்கிறன்னு போய் டாக்டராண்ட சொல்வியா நீ?”

மாநகராட்சி ஆஸ்பத்திரியில் மாதாமாதம் வாங்கி வரும் மாத்திரை அது. அதன் புண்ணியத்தில் அன்றைக்குப் பார்த்த பிரஷர் ஒழுங்காகவே இருந்ததால் டாக்டருக்கும் சந்தேகம் வரவில்லை. மச்சான் சொன்ன பதிலுக்கு அக்கா சிரித்தாள், நானும் சிரித்தேன். அவர் எதைச் சொன்னாலும் சிரிக்கிற பழக்கம் எங்களுக்கு.

அந்த ஐந்து நாளும் சொன்ன பேச்சைக் கேட்டார். லீவு போட்டு வீட்டில் படுத்தார். சாப்பிட்டு மாத்திரை போட்டார், தூங்கினார், எழுந்து எங்களை வம்புக்கு இழுத்தார். வலி போய்விட்டது. “டாக்டர் கைராசிக்காரரு” என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினார். பிறை தெரிந்தது, நோன்பும் தொடங்கியது.

நோன்பு மாதத்தில் இரவுத் தொழுகைக்குப் பிறகு தராவீஹ் என்று நீண்ட தொழுகை ஒன்று உண்டு. நிற்க வேண்டும், குனிய வேண்டும், சஜ்தாவில் நெற்றி தரையில் படும்படி விழுந்து எழ வேண்டும், திரும்பத் திரும்ப. நல்ல இடுப்புக்காரனுக்கே அது வேலைதான். மச்சானுக்கு இரண்டாம் நாளே வலி திரும்பிவிட்டது. சஜ்தாவிலிருந்து எழும்போது முன்வரிசைக்காரர் முதுகில் கை வைத்துவிட்டாராம். அவரே வந்து சொன்னார், சொல்லும்போது சிரிக்கவில்லை.

அக்கா தட்டில் வடையை வைத்துக்கொண்டே மெதுவாக ஆரம்பித்தாள்.

“நாற்காலில ஒக்காந்து தொழுவுங்களேன். முடியாதவங்களுக்குன்னுதான போட்டு வெச்சிகீறாங்க.”

“பால்கனிலயா? நானா? அந்தக் கெழவனுங்க என்ன உசுரோட வுடுவானுங்களா? ஒருத்தன் பாக்கியில்லாம வந்து கேப்பான் ரஹீமு, இன்னா லியாகத்து, டிக்கெட் கெடச்சிருச்சான்னு.”

“கேட்டா கேட்டுட்டுப் போறாங்க.”

“நீ போய் ஒக்காரு.”

“சரி, அப்ப கொஞ்ச நாளு நோன்ப வுடுங்க. மாத்திர போட்டு ஒடம்ப சரி பண்ணிகினு, வுட்ட நோன்ப அப்பால வேற நாள்ல கழா செஞ்சிக்கலாம். நோயாளிக்கு அல்லாவே வுட்டுக் குடுத்துகீறான்.”

“மீச மொளச்ச நாள்லேந்து நான் ஒரு நோன்பு வுட்டதில்ல. என்ன நோயாளின்ற?”

அதோடு பேச்சு முடிந்தது. அடுத்த நாள் பள்ளிவாசலுக்குப் போகும் வழியில் அப்சல் மெடிக்கலில் நின்று பழைய காலி அட்டையை நீட்டினார். எங்கள் பக்கம் காலி அட்டைதான் சீட்டு. அதை நீட்டினால் போதும், கடைக்காரர் பின்பக்கம் பெயரைப் பார்த்துவிட்டுப் புது அட்டையை எடுத்துக் கொடுப்பார். யாருக்கு, எதற்கு, எத்தனை நாளாக என்று எவரும் கேட்பதில்லை. கேட்டால் நமக்கும் கோபம் வரும்.

இனி சொல்லப்போவது நோன்பு வைக்கிற ஆளுக்கு மட்டுமே தோன்றக்கூடிய கணக்கு. நோன்பு மாதத்தில் எங்கள் வீடுகளில் எல்லா மாத்திரையும் இடம் மாறும். காலை மாத்திரை விடியலுக்கு முந்தின சஹர் சாப்பாட்டுக்குப் போகும், ராத்திரி மாத்திரை நோன்பு திறந்த பிறகு வரும். அதுவரைக்கும் எல்லோரும் செய்வதுதான். மச்சான் அதோடு நிற்கவில்லை. சஹரில் கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிட்டால் சாயங்காலம் வரை பசி தாங்கும் அல்லவா, அதே மாதிரி சஹருக்கு இரண்டு மாத்திரையாகப் போட்டுக்கொண்டால் சாயங்காலம் வரை வலி தாங்கும் என்று முடிவு செய்துவிட்டார். பகல் முழுக்க வாயில் எதுவும் போட முடியாதே, அதனால் பகலுக்கு உள்ளதையும் சேர்த்து முன்கூட்டியே போட்டுக்கொள்வது. தராவீஹுக்கு நிற்க வேண்டுமே என்று நோன்பு திறந்ததும் இன்னொன்று. இடுப்பு ரொம்பப் படுத்தினால் அதற்கும் மேலே ஒன்று. சோற்றுக்குப் போடும் கணக்கை மாத்திரைக்குப் போட்டார். அந்தக் கணக்கை எங்கள் யாரிடமும் சொல்லவும் இல்லை.

சஹர் நேரத்தில் அக்கா அடுப்படியில் நிற்பாள், நான் பாதித் தூக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அவர் உள்ளங்கையிலிருந்து எதையோ வாயில் போட்டு டீயை ஊற்றிக்கொள்வார். பிரஷர் மாத்திரையும் அந்தக் கையிலேயே இருக்கும். தண்ணீர் குடிங்கள் என்றால், “வயிறு கடமுடாங்கும், டீ போதும்” என்பார். ஒருவர் வாயில் எத்தனை மாத்திரை போகிறது என்று அந்த நேரத்தில் யார் பார்ப்பார்கள்?

வலி போனது என்னவோ உண்மை. அந்த வாரம் மச்சான் முன்வரிசையில் நின்று தொழுதார். வீட்டுக்கு வந்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு என்னிடம் சொன்னார்: “பாத்தியா வாயாடி, ஒங்க மச்சான் இன்னும் ஹீரோதான்.”

ஒரு நாள் சாயங்காலம் நான் கடையிலிருந்து திரும்பியபோது எங்கள் கேட்டுக்கு வெளியே மனோகரன் நின்றுகொண்டிருந்தான். எர்ணாவூர்க் குப்பத்துக்காரன். அவன் அப்பாவும் அண்ணனும் கடலுக்குப் போகிறவர்கள். இவன் மட்டும் யார்டுக்கு வந்துவிட்டான். மச்சான் மேல் அவனுக்குத் தனிப் பிரியம். என்னைக் கண்டதும் ஓரமாக வரச் சொன்னான்.

“யக்கா, வூட்ல சொன்னா பயப்படுவாங்க, அத்தொட்டு உங்களாண்ட சொல்றேன். பாய் இன்னிக்கு வண்டில ஒக்காந்துகினே தூங்கிட்டாரு. ஃபோர்க்கு நேரா போய் ஒரு கண்டெய்னர் கதவுல குத்திகினு நின்னுச்சு. அதுக்குக் கொஞ்சம் முன்னாலதான் அங்க ரெண்டு பேர் சீல் பாத்துகினு இருந்தானுங்க. நவுந்துட்டானுங்க, பொழச்சாங்க.”

“சூப்பர்வைசர் பாத்துட்டாரா?”

“பிரேக்கு பிடிக்கலன்னு நான் சொல்லிட்டேன். ஆனா இன்னொரு தபா ஆச்சின்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாதுக்கா. நோன்பு அசதின்னுதான் மொதல்ல நெனச்சேன். ஆனா போன வருசமும்தான பாய் நோன்பு வெச்சாரு? அப்போ இப்டி ஆடலியே. கண்ணெல்லாம் சொருகிகினு, தண்ணி போட்டவன் மாரி கீறாரு.”

அவன் போனதும் நேராக உள்ளே போனேன். நோன்பு திறக்க அக்கா பாய் விரித்துக்கொண்டிருந்தாள். மச்சான் சட்டை ஆணியில் தொங்கியது. பையில் கை விட்டேன். இரண்டு அட்டை, ஒன்று முழுக்கக் காலி, இன்னொன்று பாதி. கொழுந்தியாள் மச்சான் சட்டைப் பையைத் துழாவுவது மரியாதை இல்லைதான். அன்றைக்கு எனக்கு மரியாதை முக்கியமாகப் படவில்லை.

“இன்னா மச்சான் இது? அஞ்சு நாளுன்னு தான டாக்டர் சொன்னாரு? நோன்புல தொடவே கூடாதுன்னாரே?”

அவர் மறைக்கவில்லை. சஹருக்கு இரண்டு, தராவீஹுக்கு ஒன்று என்று அந்தக் கணக்கை ரொம்பப் புத்திசாலித்தனமாகக் கண்டுபிடித்தது போல விளக்கினார். அக்கா கையிலிருந்த கஞ்சிக் கிண்ணத்தைப் பாயில் வைத்தாள்.

“வாங்க, இப்பவே டாக்டராண்ட போவலாம்” என்றேன்.

“போனா நோன்ப வுடச் சொல்வாரு. பெருநா முடிஞ்சிதும் நானே வரேன். போதுமா?”

“வண்டில தூங்கி எவன் மேலயாச்சும் ஏத்திட்டீங்கன்னா?”

அதற்கு மட்டும் அவர் முகம் மாறியது. மனோகரன் சொல்லிவிட்டான் என்று புரிந்துகொண்டார். சத்தமே இல்லாமல், “வண்டிய வுட்டுர்றேன். நாளைலேந்து கண்டெய்னர் கணக்கு டேலி எழுத ஒக்காந்துக்கறேன், கேட்டுப் பாக்கறேன்” என்றார். சொன்னபடி செய்தார். அடுத்த ஆளைக் கொன்றுவிடுவோம் என்ற பயம் அவருக்கு இருந்தது. தன்னைப் பற்றித்தான் பயமே இல்லை.

நான் அப்சல் கடைக்குப் போய்ச் சண்டை போட்டேன். “சீட்டு இல்லாம ஏன் குடுக்கறீங்க?” என்று கேட்டேன். அப்சல் பாய் கல்லாப்பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல், “பாய்க்கு நல்லா கேக்குதுன்னாரும்மா. நான் குடுக்கலன்னா பக்கத்துக் கடைல வாங்கப் போறாரு” என்றார். சொன்னது நடந்தது. எங்கள் கண்ணில் படாத ஏதோ கடையிலிருந்து அட்டை வந்துகொண்டே இருந்தது. அக்கா ஒளித்து வைத்தாள், அவர் வேறு வாங்கினார். அவள் அழுதாள், அவர் சிரிப்புக் காட்டினார்.

வெயில் ஏறியது. தார் ரோட்டில் லாரி வரிசை நகராமல் நின்று புகை கக்கிக்கொண்டிருக்கும் மாதம் அது. மச்சான் முகம் காலையில் உப்பி இருந்தது. செருப்பு வார் காலில் பதிந்து பள்ளமாகத் தெரிந்தது. அக்காதான் கவனித்தாள், தொழுகைக்காகக் கை, முகம், கால் கழுவி ஒளு செய்வதற்கு முன்னால் அவர் பாத்ரூம் போவதே குறைந்துவிட்டது என்று. போனாலும் டீ டிகாஷன் நிறத்தில் கொஞ்சம். அவள் கேட்டபோது, “உள்ளயே தண்ணி போவல, வெளிய எப்டி வரும்?” என்றார். நாங்களும் நோன்பு வைத்திருந்தோம், எங்களுக்கும் வாய் காய்ந்துதான் கிடந்தது. அதனால் அவர் சொன்னது சரியாகவே பட்டது.

பெருநாளுக்குச் சில நாள்தான் இருந்தது. கடையில் கூட்டம் நெரிந்த ஒரு சாயங்காலத்தில் அக்கா போன் பண்ணினாள். அழுகையில் பேச்சே புரியவில்லை. நான் ஓடி வந்து பார்த்தபோது மச்சான் கட்டிலில் சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கீழே வாளி. வெறும் மஞ்சள் நீராக வாந்தி. இடைவிடாமல் விக்கல். மூச்சு மேல்மூச்சாக வாங்கியது.

டம்ளரில் தண்ணீர் கொண்டுபோனேன். “மச்சான், குடிங்க. நோன்பு போனா போவுது.”

வாயை இறுக்கி மூடிக்கொண்டு தலையை ஆட்டினார்.

“உங்க கால்ல வுழறேன், குடிங்க” என்றாள் அக்கா.

“பாங்கு சொல்லட்டும் ரஹீமு. இன்னும் இன்னா, கொஞ்ச நேரந்தான.”

எனக்கு வந்த கோபத்தில் அந்த டம்ளரை அவர் தலையிலேயே கவிழ்த்திருப்பேன். தெருமுனையில் ஆட்டோ பிடித்து வந்தேன். இரண்டு பேருமாகச் சேர்ந்து அவரைத் தூக்காத குறையாக ஏற்றினோம். பெரியாஸ்பத்திரி போகும் வழியில் ஒரு டிரெய்லர் குறுக்கே திரும்ப முடியாமல் நின்றது. பின்னால் நாங்களும் நின்றோம். வெகுநேரம் நின்றோம். அங்கேதான் நோன்பு திறக்கும் நேரத்துப் பாங்கு பள்ளிவாசலிலிருந்து கேட்டது. மச்சான் கையை நீட்டினார். ஆட்டோக்காரர் தன் பாட்டிலைக் கொடுத்தார். நோன்பு திறக்கும் பிரார்த்தனையான துஆவை முணுமுணுத்துவிட்டுக் குடித்தார். குடித்ததெல்லாம் அப்படியே என் மடியில் வந்து விழுந்தது. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அவர் கண்ணைத் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டரம்மா, என்னென்ன மாத்திரை சாப்பிட்டார் என்று கேட்டார். இந்தத் தடவை எதையும் விடவில்லை. பிரஷர் மாத்திரை, வலி மாத்திரை, சஹருக்கு இரண்டு, நோன்பு, டீ, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார். ரிப்போர்ட் வந்ததும் எங்களைத் தனியாகக் கூப்பிட்டார்.

“ரெண்டு கிட்னியும் நின்னுபோச்சும்மா. உடனே டயாலிசிஸ் பண்ணணும்.”

அக்கா அதை முதலில் நம்பவில்லை. “இடுப்பு வலிக்குத்தான் போட்டாரு” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். இடுப்பு வலி மாத்திரை கிட்னியை ஏன் தொட வேண்டும் என்பது அவள் கேள்வி.

அதற்குப் பதில் சொன்னவர் டாக்டர் வேதமாணிக்கம். விஷயம் கேள்விப்பட்டு, கிளினிக்கைப் பூட்டிவிட்டு அவரே பார்க்க வந்தார். மச்சானுக்கு நினைவு திரும்பியிருந்தது. கழுத்தில் டயாலிசிஸ் குழாய் இருந்தது. டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வலி மருந்து கிட்னிக்குப் போற ரத்தத்தைக் குறைக்கும் பாய். அஞ்சு நாளுன்னா, தண்ணியும் குடிச்சா, தாங்கிடும். நீங்க பகல் பூரா ஒரு சொட்டு தண்ணி இல்லாம, வெயில்ல, வாரக் கணக்கா போட்டிருக்கீங்க. பிரஷர் வேற உங்க கிட்னியை ஏற்கனவே அரிச்சு வெச்சிருக்கு. அது எனக்குத் தெரியாமப் போச்சு. மாத்திரை சோறு மாதிரி இல்ல பாய். ரெண்டா போட்டா ரெண்டு மடங்கு நேரம் நிக்காது. ரெண்டு மடங்கு கெடுதல்தான் பண்ணும்.”

டாக்டர் திட்டுவார் என்று நான் எதிர்பார்த்தேன். திட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டேன் என்றுகூடச் சொல்வேன். அவர் திட்டவில்லை. போகும்போது வராந்தாவில் என்னிடம், “பிரஷர் மாத்திரைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேற மருந்து எழுதியிருப்பேனேம்மா” என்றார். தலையைக் குனிந்துகொண்டேன்.

அந்தப் பெருநாள் ஆஸ்பத்திரியில் போனது. மனோகரன் வீட்டிலிருந்து மீன் குழம்பு கொண்டுவந்தான். உப்பு ஆகாது என்று நர்ஸ் தடுத்துவிட்டார். சிலருக்குக் கிட்னி திரும்ப வேலை செய்ய ஆரம்பிக்கும், பொறுத்துப் பார்ப்போம் என்றார்கள். அக்கா தினமும் அவர் மூத்திரம் வந்ததா என்று பார்த்துப் பார்த்து ஏங்கினாள். வேறு எந்தப் பெண்ணுக்கும் அப்படி ஒரு துஆ கேட்க வேண்டி வரக் கூடாது. மாதங்கள் போயின. திரும்பவில்லை. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ், இனி எப்போதும் அப்படித்தான் என்று சொல்லிவிட்டார்கள்.

யார்டு வேலை போனது. இடுப்பு வலி மட்டும் போகவில்லை, அது அப்படியே இருக்கிறது. இப்போது அதற்கு எந்த வலி மாத்திரையும் தொடக் கூடாது. வெந்நீர்ப் பை வைத்துக்கொண்டு படுத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு மனோகரன் வந்து பைக்கில் ஏற்றிப் பள்ளிவாசல் வாசலில் இறக்கிவிடுவான். உள்ளே போய் மச்சான் நாற்காலியில்தான் உட்கார்ந்து தொழுகிறார். முதல் வாரம் போய் வந்ததும் யாராவது ஏதாவது கேட்டார்களா என்று விசாரித்தேன்.

“ஒருத்தனும் ஒண்ணும் கேக்கல” என்றார். “எனுக்கு எடம் வுட்டு நவுந்து ஒக்காந்தானுங்க. அவ்ளோதான்.”

அதைச் சொல்லிவிட்டு வெந்நீர்ப் பையை இடுப்புக்குக் கீழே தள்ளிக்கொண்டு படுத்துவிட்டார். எனக்கு அன்றைக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, அதே அளவுக்கு எரிச்சலாகவும் இருந்தது. இதற்காகவா இவ்வளவும்?

கிட்னி போனவருக்கு உடம்பில் தண்ணீர் தங்கிவிடும். அதனால் குடிக்கிற தண்ணீருக்கும் அளவு வைத்துவிட்டார்கள். அந்த அளவை அக்கா தினமும் காலையில் ஒரு சின்ன பாட்டிலில் ஊற்றிக் கொடுத்துவிடுவாள். டீ, ரசம், மருந்து விழுங்கும் தண்ணீர் எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். மீறினால் மூச்சு முட்டும். ஒரு முறை மீறி, கால் வீங்கி, நெஞ்சில் தண்ணீர் கோத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அதிலிருந்து அக்கா குடத்தைக்கூட அவர் கண்ணில் படாமல் உள்ளே வைத்துவிட்டாள். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டாலே அவர் திரும்பிப் பார்ப்பார்.

இந்த வருஷமும் நோன்பு வந்தது. மச்சானுக்கு நோன்பு கிடையாது, வைக்கவே கூடாது. நானும் அக்காவும் வைத்தோம். நோன்பு திறக்கும் நேரத்தில் அவர் எதிரில் உட்கார எங்களுக்கு மனசு வரவில்லை. அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, திருடிகள் மாதிரி, பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு வருவோம். சில நாள் அப்படியே ஓடியது.

ஒரு நாள் அவர் கூடத்திலிருந்து கூப்பிட்டார்.

“இன்னாத்துக்கு ரெண்டு பேரும் ஒளிஞ்சிகினு தொறக்கறீங்க? இன்னா நான் அல்லாவ நம்பாத காஃபிரா? இங்க வந்து ஒக்காருங்க.”

“இல்லங்க, அடுப்புல வேல கீது” என்றாள் அக்கா.

“வா ரஹீமு. எனுக்கும் நோன்பு மாரி இருக்கட்டும்.”

பாய் விரித்தோம். கஞ்சி, வடை, பேரீச்சம்பழம், இரண்டு டம்ளர் தண்ணீர். கஞ்சி தண்ணீர்க் கணக்கில் சேரும் என்பதால் அவருக்கு ஆகாது. பேரீச்சம்பழமும் ஆகாது என்று சொல்லியிருந்தார்கள். அவர் முன்னால் எதுவும் வைக்கவில்லை. பக்கத்தில் அவர் பாட்டில் கிடந்தது. வெயில் நாள், மதியமே அதைக் காலி செய்திருந்தார். தொப்பி போட்டுக்கொண்டு, கட்டிலிலிருந்து இறங்கி, சுவரில் சாய்ந்து எங்களுக்கு எதிரில் உட்கார்ந்தார். அப்படி உட்கார அவருக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

பாங்கு சொன்னது. நோன்பு திறக்கும் துஆவை அவர்தான் எங்களுக்காகச் சத்தமாக ஓதினார். நாக்கு ஒட்டிக்கொண்டு வார்த்தை பாதியில் நின்றது, உமிழ்நீரைக் கூட்டி விழுங்கிவிட்டு மிச்சத்தை ஓதி முடித்தார். நாங்கள் டம்ளரை எடுத்தோம். அவர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உஸ்மா, உங்குளுக்கு பாங்கு சொல்லிட்டாங்க” என்றார். “எனுக்கு எப்ப சொல்லுவாங்க?”

கிண்டலாகத்தான் கேட்டார். முகத்தில் பழைய சிரிப்பு இருந்தது. வாய்வரை கொண்டுபோன டம்ளரை அக்கா கீழே வைத்துவிட்டாள். நானும் வைக்கத்தான் நினைத்தேன். ஆனால் அன்றைக்கு முழுக்கக் கடையில் நின்றே இருந்தேன், தொண்டை எரிந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முழு டம்ளரையும் குடித்து முடித்துவிட்டேன்.